92 மதிப்பெண் வாங்கிய மாணவன் எண்ணெயை எங்கே ஊற்றினான்?

டீசல் இயந்திரத் தொழில்நுட்பம் படிக்கும் ஒரு மாணவனுக்குப் பாதுகாப்புப் பாடத்தில் நூற்றுக்கு 92 மதிப்பெண் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தீயணைப்புக் கருவி எத்தனை வகைப்படும், பாதுகாப்புக் கண்ணாடியை எப்போது அணிய வேண்டும், மஞ்சள் நிற முக்கோணப் பலகைக்கு என்ன பொருள் என்று கேட்டவற்றுக்கெல்லாம் சரியாகவே விடை எழுதியிருக்கிறான். ஆறு மாதம் கழித்து அதே மாணவன் மாசாயில் ஒரு லோரிப் பட்டறையில் தொழிற்பயிற்சிக்குச் சேர்கிறான். மாலை ஆறு மணி. வண்டி இரவுக்குள் தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகத்தில் இருக்க வேண்டும் என்று முதலாளி அவசரப்படுத்துகிறார். ஜேக் வைத்துத் தூக்கிய வண்டிக்கு அடியில், முட்டு எதுவும் கொடுக்காமல், மாணவன் மல்லாந்து படுத்து நுழைகிறான். எண்ணெயை வடிக்கிறான். வடித்த கறுப்பு எண்ணெயில் பாதியைப் பீப்பாயில் ஊற்றுகிறான். பீப்பாய் நிறைந்துவிடவே மீதியைப் பட்டறைக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் சாய்க்கிறான்.

அப்படியானால் அந்த 92 மதிப்பெண் எதை அளந்தது?

ஜொகூரில் இந்தக் கேள்விக்குத் தனி அழுத்தம் உண்டு. பாசீர் கூடாங் துறைமுகம் ஒரு பக்கம், தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகம் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் இடையில் இரவு பகலாக ஓடும் கொள்கலன் லோரிகள். அந்த லோரிகளையும் மண்வாரி இயந்திரங்களையும் மின்னாக்கி இயந்திரங்களையும் பழுதுபார்க்கும் பட்டறைகள் சாலையோரமெங்கும் இருக்கின்றன. எஸ்.பி.எம். முடித்துவிட்டுக் கைத்தொழில் கற்கப் போகும் நம் பிள்ளைகளில் பலர் கடைசியில் போய்ச் சேரும் இடம் இதுதான். பாசீர் கூடாங்கில் மனிதவள இலாகாவின் தொழிற்பயிற்சிக் கழகம் இருக்கிறது. பத்து பஹாட்டில் உயர்தொழில்நுட்பப் பயிற்சி மையம் இருக்கிறது. தொழிற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கும் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகமும் இதே மாநிலத்தில், பாரிட் ராஜாவில் இருக்கிறது. கற்பிக்க இடங்களுக்குப் பஞ்சமில்லை. கற்பித்தது கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அளந்து பார்ப்பதுதான் கடினமான வேலை.

கிம் கிம் ஆறு சொன்ன செய்தி

2019 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 7 ஆம் தேதி. பாசீர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றுக்கு அருகிலுள்ள தாமான் பாசீர் பூத்தே தேசியப் பள்ளியிலும் பாசீர் பூத்தே இடைநிலைப் பள்ளியிலும் மாணவர்களுக்கு மூச்சுத்திணறல், வாந்தி, தலைச்சுற்றல் ஏற்பட்டது. ஆற்றில் யாரோ இரசாயனக் கழிவைக் கொட்டியிருந்தார்கள். கப்பல் சார்ந்த எண்ணெய்க் கழிவு அது என்றும், பென்சீன், தொலுயின், சைலீன் முதலிய ஆவிகள் அதிலிருந்து கிளம்பின என்றும் பின்னர் தெரிவிக்கப்பட்டது. டேங்கர் லோரி ஒன்றிலிருந்து ஆற்றில் கொட்டப்பட்டது என்பது விசாரணையில் வெளிவந்தது.

முதல் இரண்டு மூன்று நாள்களில் நிலைமை அடங்கிவிட்டதுபோல் தோன்றியது. பிறகு வெயிலும் காற்றும் சேர்ந்து ஆவியை மீண்டும் கிளப்பின. மார்ச் 13 ஆம் தேதி பாசீர் கூடாங் வட்டாரத்தின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றனர். அவர்களில் பெரும் பகுதியினர் பள்ளிப் பிள்ளைகள். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் பாசீர் கூடாங்கில் மாணவர்கள் மறுபடியும் நோய்வாய்ப்பட்டு, பள்ளிகள் மறுபடியும் மூடப்பட்டன.

இந்தச் சம்பவத்தைச் சட்ட மீறல் என்று மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. கழிவு தானாக நடந்து ஆற்றுக்குப் போவதில்லை. இயந்திரத்திலிருந்து வடிப்பவர் ஒருவர், பீப்பாயில் சேர்ப்பவர் ஒருவர், ஏற்றுபவர் ஒருவர், ஓட்டுபவர் ஒருவர் என்று பல கைகள் மாறித்தான் அது ஆற்றங்கரைக்கு வருகிறது. அந்தக் கைகளில் எத்தனை கைகள் தாம் தொடுவது என்னவென்று அறிந்திருக்கின்றன? டீசல் தொழில்நுட்ப மாணவன் அந்தச் சங்கிலியின் முதல் கண்ணியில் நிற்கிறான்.

பட்டறையில் என்னதான் ஆபத்து?

டீசல் பட்டறை என்றதும் தீ விபத்துதான் பலருக்கு நினைவுக்கு வரும். உண்மையில் டீசல் எண்ணெய் பெட்ரோலைப் போல எளிதில் பற்றிக்கொள்வதில்லை. ஆபத்துகள் வேறு வடிவில் வருகின்றன.

ஜேக் என்பது தூக்குவதற்கான கருவி, தாங்குவதற்கான கருவி அல்ல. அதன் உள்ளே எண்ணெய் அழுத்தத்தை அடைத்து வைத்திருக்கும் ஒரு சிறு ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் போதும், பல டன் எடை கீழே இறங்கிவிடும். மண் கொட்டும் லோரியின் தொட்டியை உயர்த்தி வைத்துவிட்டு, முட்டுக்கம்பி போடாமல் அதன் அடியில் வேலை செய்வதும் இதே கதைதான். லோரியின் காற்று பிரேக்குக்குள் அழுத்தி வைக்கப்பட்டிருக்கும் சுருள்வில் ஒன்று இருக்கிறது. அதை முறைப்படி கட்டாமல் உறையைக் கழற்றினால் அது குண்டுபோல் பாயும்.

ஆனால் இவற்றைவிட அதிகம் பேசப்பட வேண்டியது எரிபொருள் அழுத்தம். கார் டயரில் இருக்கும் காற்றழுத்தம் ஏறத்தாழ 2 பார், பெரிய லோரியின் டயரில் 8 பார் அளவு. இன்றைய டீசல் இயந்திரங்களின் பொதுக்குழாய் எரிபொருள் அமைப்பில் அழுத்தம் 2,000 பாரையும் தாண்டும். அந்தக் குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்து, எங்கே கசிகிறது என்று மாணவன் விரலால் தடவிப் பார்த்தால், எரிபொருள் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். வெளியே தெரிவது ஊசி குத்தியது போன்ற ஒரு புள்ளி மட்டுமே. முதல் சில மணி நேரம் பெரிய வலியும் இருக்காது. பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தால், உள்ளே தசை அழுகத் தொடங்கிவிடும். உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ எடுக்க நேரிடலாம். கசிவைத் தேட அட்டைத் துண்டைப் பயன்படுத்த வேண்டும், அதுவும் இயந்திரத்தை நிறுத்தி அழுத்தம் இறங்கக் காத்திருந்த பிறகே குழாயைக் கழற்ற வேண்டும் என்பது எழுத்துத் தேர்வில் ஒரு மதிப்பெண். பட்டறையில் அது ஒரு கை.

டீசல் இயந்திரத்துக்கு இன்னொரு விசித்திரமான குணமும் உண்டு. டர்போவின் வழியே தன் சொந்த மசகு எண்ணெயையே உறிஞ்சி எரிக்கத் தொடங்கிவிட்டால், சாவியைத் திருப்பினாலும் அது நிற்காது. வேகம் ஏறிக்கொண்டே போய் உடைந்து சிதறும். காற்று போகும் வழியை அடைத்தால்தான் நிற்கும். அதுவும் வெறுங்கையால் அடைக்கக் கூடாது. இதைப் பாடமாகக் கேட்டவனுக்கும், இரைச்சலுக்கு நடுவில் என்ன செய்வதென்று ஒரு முறையாவது ஒத்திகை பார்த்தவனுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

மெதுவாகக் கொல்லும் ஆபத்துகள் வேறு. டீசல் புகையை 1988 ஆம் ஆண்டில் 'புற்றுநோயை உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம்' என்ற பிரிவில் வைத்திருந்த அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், 2012 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அதை முதல் பிரிவுக்கு மாற்றியது. மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதி என்பதே அப்பிரிவின் பொருள். அமெரிக்காவில் 12,000-க்கும் மேற்பட்ட சுரங்கத் தொழிலாளர்களிடம் நடத்திய ஆய்வு அந்த முடிவுக்கு முக்கிய ஆதாரமாக அமைந்தது. இரைச்சலைப் பொறுத்தவரை, எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல் என்பது நம் நாட்டின் 2019 ஆம் ஆண்டு விதிமுறை வகுத்த எல்லை. காது கேட்காமல் போவதும் நுரையீரல் கெடுவதும் இருபது வருடம் கழித்துத் தெரியவரும். அந்த மாணவன் அப்போது எந்தப் பட்டறையில் இருப்பான் என்பதுகூடப் பயிற்றுநருக்குத் தெரியாது. ஆகவே இந்த ஆபத்துகளை விபத்துக் கணக்கை வைத்து அளக்கவே முடியாது.

கறுப்பு எண்ணெய்க்கும் எண் உண்டு

பட்டறைகளில் 'மினியாக் ஈத்தாம்' என்று சொல்லப்படும் பழைய இயந்திர எண்ணெய், சட்டத்தின் கண்ணில் குப்பை அல்ல. 2005 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தர விதிமுறைகள் அதை அட்டவணையிட்டு, எஸ்.டபிள்யூ. 305 என்ற எண்ணைக் கொடுத்திருக்கின்றன. ஹைட்ராலிக் எண்ணெய்க்கு 306. பழைய பேட்டரிக்கு 102. எண்ணெய் துடைத்த துணிக்கும் கழற்றிய ஃபில்டருக்கும் 410. பட்டறையின் எண்ணெய்ப் பிரிப்புத் தொட்டியில் தேங்கும் கசடுக்குக்கூட 312 என்று தனி எண் இருக்கிறது.

இவற்றைச் சேர்த்து வைக்கும் கலனில் கழிவு உண்டான தேதி, உண்டாக்கியவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை எழுத வேண்டும். 180 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. 20 டன்னைத் தாண்டக் கூடாது. கணக்கை மூன்று வருடம் பாதுகாக்க வேண்டும். அனுமதி பெற்றவரிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும். கழிவைக் கையாளும் ஊழியர்கள் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பதும் அதே விதிமுறைகளில் எழுதப்பட்டிருக்கிறது. அதாவது சுற்றுச்சூழல் பயிற்சி என்பது நல்லெண்ணத்தால் சேர்க்கப்பட்ட கூடுதல் பாடம் அல்ல, சட்டக் கடமை. 2024 ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட சுற்றுச்சூழல் தரச் சட்டம் அபராதத்தின் உச்சவரம்பை 10 மில்லியன் ரிங்கிட் வரை கொண்டுபோயிருக்கிறது.

ஒரு பெரிய லோரியின் இயந்திரத்தில் 30 முதல் 40 லிட்டர் வரை எண்ணெய் பிடிக்கும். ஒரு நாளைக்கு மூன்று லோரி என்றால் நூறு லிட்டர். ஒரு முறை கார் எண்ணெய் மாற்றி வடிக்கும் பழைய எண்ணெயே பத்து இலட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்கக் கூடியது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் எச்சரிக்கிறது. லோரி எண்ணெயை அதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இவ்வளவு விவரமான சட்டம் இருந்தும், பல பாடத்திட்டங்களில் 'பாதுகாப்பும் சுற்றுச்சூழலும்' என்ற தலைப்பில் பாதுகாப்பு முன்னால் போய்விடுகிறது, சுற்றுச்சூழல் வாலாகத் தொங்குகிறது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். கை நசுங்கினால் உடனே அலறல் கேட்கும். கால்வாயில் போன எண்ணெய் சத்தம் போடாது.

எதை வைத்து அளப்பது?

பயிற்சியின் பலனை எப்படி மதிப்பிடுவது என்பதற்கு 1959 ஆம் ஆண்டிலேயே அமெரிக்கப் பேராசிரியர் டோனல்ட் கெர்க்பேட்ரிக் நான்கு படிகளைச் சொன்னார். பயிற்சி பிடித்திருந்ததா என்பது முதல் படி. கற்றுக்கொண்டானா என்பது இரண்டாவது. வேலையிடத்தில் நடந்துகொள்ளும் விதம் மாறியதா என்பது மூன்றாவது. அதனால் விளைவு ஏதும் மாறியதா, அதாவது காயங்கள் குறைந்தனவா, கழிவு ஒழுங்காக வெளியேறியதா என்பது நான்காவது.

பெரும்பாலான பயிற்சிகள் முதல் இரண்டு படிகளோடு நின்றுவிடுகின்றன. பயிற்சி முடிந்ததும் ஒரு கருத்துப் படிவம், இருபது கேள்விகள் கொண்ட ஒரு தாள், பிறகு சான்றிதழ், குழுப்படம், சிற்றுண்டி. மூன்றாவது படிக்குப் போக வேண்டுமென்றால் யாராவது ஒருவர் பட்டறைக்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

ஆய்வுகளும் இதே இடத்தைத்தான் சுட்டிக்காட்டுகின்றன. 2006 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழில் வெளியான ஒரு தொகுப்பாய்வு, முப்பதாண்டுக் காலத்தில் நடந்த 95 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. விரிவுரையும் காணொளியும் துண்டறிக்கையும் கொடுத்த பலனைவிட, செய்து பார்க்க வைத்து, தவறைச் சுட்டிக்காட்டி, மறுபடியும் செய்யவைத்த பயிற்சி ஏறத்தாழ மூன்று மடங்கு பலன் தந்தது என்பது அதன் முடிவு. கனடாவின் வேலை, சுகாதார ஆய்வுக் கழகம் சார்ந்த ஆய்வாளர்கள் 2012 ஆம் ஆண்டில் வெளியிட்ட மற்றொரு மதிப்பாய்வு, பயிற்சி தொழிலாளரின் நடத்தையை மாற்றுகிறது என்பதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது என்றது. ஆனால் பயிற்சி மட்டுமே காயத்தையும் நோயையும் குறைக்கிறது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றும் அதே மூச்சில் சொன்னது. பட்டறையில் முட்டுத்தாங்கியே இல்லாதபோது, அதை வைக்க வேண்டும் என்று கற்றவன் என்ன செய்வான்? இரண்டாவது முடிவின் பொருள் அதுதான்.

அதே கழகத்தின் வேறோர் ஆய்வு, வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் இருப்பவருக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு, ஓராண்டுக்கு மேல் அனுபவம் உள்ளவரைக் காட்டிலும் மூன்று மடங்குக்கும் அதிகம் என்று காட்டியது. தொழிற்பயிற்சிக்குப் போகும் மாணவன் எப்போதும் அந்த முதல் மாதத்தில்தான் இருக்கிறான்.

வாய் பேசாத பரிசோதகர்

நம் நாட்டின் திறன் சான்றிதழ் முறையில் இதற்கு ஏற்கெனவே ஒரு கதவு திறந்தே இருக்கிறது. திறன் மேம்பாட்டு இலாகாவின் தேசியத் தொழில்திறன் தர ஆவணங்களில் ஒவ்வொரு வேலைக்கும் அறிவு, செய்திறன் ஆகியவற்றோடு 'மனப்பான்மை, பாதுகாப்பு, சுற்றுச்சூழல்' என்று தனிக் கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தில் 'பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடிக்கவும்' என்று ஒரு பொதுவரியை எழுதிவிட்டுப் போவது எளிது. கண்ணால் பார்த்து ஆம், இல்லை என்று குறிக்கக்கூடிய செயல்களாக அதை உடைத்து எழுதுவதுதான் வேலை.

உதாரணமாக, 'எண்ணெய் மாற்றுதல்' என்ற ஒரே செய்முறைத் தேர்வை எடுத்துக்கொள்ளலாம். பரிசோதகர் எதுவும் சொல்லாமல் ஓர் ஓரமாக நிற்கிறார். வண்டி ஜேக்கில் தூக்கி நிற்கிறது, முட்டுத்தாங்கி சுவரோரம் கிடக்கிறது. மாணவன் அதை எடுத்து வந்து வைக்கிறானா? சாவியைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டு, 'பழுதுபார்க்கப்படுகிறது, முடுக்காதே' என்ற அட்டையைக் கைப்பிடியில் மாட்டுகிறானா? பீப்பாய் வேண்டுமென்றே முக்கால்வாசி நிரம்பி இருக்கிறது. வடிக்கத் தொடங்கும் முன் அதைப் பார்க்கிறானா, வடித்த பிறகு திகைக்கிறானா? பீப்பாயில் ஒட்டிய சீட்டில் தேதி இல்லை. கவனிக்கிறானா? தரையில் சிந்திய எண்ணெயின் மேல் மரத்தூளைத் தூவியபின் அந்த மரத்தூளை எந்தத் தொட்டியில் போடுகிறான்? சாதாரணக் குப்பைத் தொட்டியில் போட்டால், எண்ணெய் இடம் மாறியதே தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

இப்படி ஒரு தேர்வை பயிற்சிக்கு முன்பே ஒருமுறை நடத்தினால்தான் பயிற்சி எதைக் கூட்டியது என்று தெரியும். முன்னால் எடுத்த அளவு இல்லாமல், பின்னால் எடுத்த 92-க்கு அர்த்தம் இல்லை. அந்த மாணவனின் அப்பாவே லோரி மெக்கானிக்காக இருந்து, அவன் வீட்டிலேயே அவ்வளவையும் கற்று வந்திருக்கலாம். மூன்று மாதம் கழித்து, தொழிற்பயிற்சியின் நடுவில், மறுபடியும் ஒரு முறை பார்க்க வேண்டும். பயிற்சி முடிந்த மறுநாள் எல்லாரும் கையுறை போட்டுக்கொள்வார்கள்.

மதிப்பெண் போடும் முறையிலும் ஒரு திருத்தம் தேவை. சிவப்பு விளக்கைத் தாண்டி ஓட்டியவர் மற்ற எல்லாவற்றையும் அழகாகச் செய்தார் என்று எந்தப் பரிசோதகரும் வாகனமோட்டும் உரிமம் கொடுப்பதில்லை. முட்டுக் கொடுக்காத வண்டிக்கு அடியில் நுழைந்த மாணவனுக்கு மட்டும் நான்கு மதிப்பெண் குறைத்துவிட்டுத் தேர்ச்சி கொடுப்பானேன்? ஆளைக் கொல்லும் தவறு, ஆற்றைக் கொல்லும் தவறு என்று ஐந்தாறைத் தனியாக எடுத்து வைத்து, அவற்றில் ஒன்றைச் செய்தாலும் மீண்டும் பயிற்சிக்கு அனுப்புவதே நேர்மையான மதிப்பீடு.

எழுத்துத் தேர்வே வேண்டாம் என்பதல்ல. ஆனால் அது பல சமயம் பாதுகாப்பு அறிவை விட்டுவிட்டு மொழித் திறனை அளந்துவிடுகிறது. இரசாயனப் பொருளின் பாதுகாப்புத் தகவல் தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்று 2013 ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. பட்டறையில் பேசப்படுவதோ தமிழும் சீனமும் மலாயும் வங்காளமும் கலந்த ஒரு கலவை. மூத்த மெக்கானிக் வாய்மொழியாக என்ன சொல்லிக் கொடுக்கிறாரோ அதுவே மாணவனின் கையில் நிற்கும். ஒரு ஃபில்டர் பெட்டியைக் கையில் கொடுத்து, 'இதில் உன்னைப் பற்றிய எச்சரிக்கை எது, வாசித்துச் சொல்' என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

விபத்தே இல்லை என்பது நல்ல செய்தியா?

'எங்கள் பட்டறையில் இரண்டு வருடமாக விபத்தே இல்லை' என்று பெருமையாகச் சொல்வதுண்டு. இருபத்தைந்து மாணவர்கள் படிக்கும் ஒரு வகுப்பில் பெரிய விபத்து நடக்காமல் இருப்பது பயிற்சியின் வெற்றியாகவும் இருக்கலாம், அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம், விபத்தைச் சொல்லாமல் மறைத்ததாகவும் இருக்கலாம். அந்த எண்ணிக்கை மூன்றையும் பிரித்துக் காட்டாது.

அதைவிட நம்பத்தக்க அடையாளம் ஒன்று உண்டு. அது முதலில் தலைகீழாகத் தோன்றும். மயிரிழையில் தப்பிய சம்பவங்களைப் பதிவு செய்யும் ஏடு ஒன்றைப் பட்டறையில் தொங்கவிட்டால், நல்ல பயிற்சிக்குப் பிறகு அதில் பதிவுகள் கூட வேண்டும். ஜேக் வழுக்கியது, குழாய் கசிந்தது, பீப்பாய் மூடி சரியில்லை என்று மாணவர்கள் எழுதத் தொடங்கினால், அவர்களின் கண் திறந்துவிட்டது என்று பொருள். ஏடு வெறுமையாக இருந்தால் தலைமைப் பயிற்றுநர் மகிழ்ச்சியடைய வேண்டியதில்லை. எழுதியவனைத் திட்டினால் அடுத்த வாரமே ஏடு வெறுமையாகிவிடும் என்பதும் உண்மை.

சுற்றுச்சூழல் பகுதிக்கு அளவை இன்னும் எளிது, யாரும் செய்வதில்லை என்பதுதான் வேடிக்கை. ஒரு பருவத்தில் எத்தனை லிட்டர் புது எண்ணெய் வாங்கப்பட்டது, எத்தனை லிட்டர் பழைய எண்ணெய் அனுமதி பெற்றவரிடம் ஒப்படைக்கப்பட்டது? முந்நூறு லிட்டர் உள்ளே வந்து, நூற்றெண்பது லிட்டர்தான் வெளியே போயிருக்கிறது என்றால் நடுவில் நூற்றிருபது லிட்டர் எங்கே? இயந்திரம் கொஞ்சம் எரித்திருக்கும், ஃபில்டரில் கொஞ்சம் தங்கியிருக்கும். மிச்சத்துக்கு யார் கணக்குச் சொல்வது? இந்தக் கூட்டல் கழித்தலை மாணவர்களிடமே கொடுத்து மாதா மாதம் கரும்பலகையில் எழுத வைத்தால், அதுவே பாடமும் ஆகிறது, பரீட்சையும் ஆகிறது.

பட்டறை முதலாளியின் பங்கு

2005 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தேசிய இரட்டைப் பயிற்சி முறையில், பயிற்சியின் 70 முதல் 80 விழுக்காடு வேலையிடத்திலேயே நடக்கிறது. அப்படியானால் கழகத்தின் வகுப்பறையை மட்டும் மதிப்பிட்டுவிட்டு மாணவனை மதிப்பிட்டதாகச் சொல்ல முடியாது. அவனை அனுப்பும் பட்டறையையும் பார்த்தாக வேண்டும்.

1991 ஆம் ஆண்டில் சுங்கை பூலோ பட்டாசுத் தொழிற்சாலை வெடித்துச் சிதறியபின், 1994 ஆம் ஆண்டில் தொழிலியல் பாதுகாப்பு சுகாதாரச் சட்டம் வந்தது. ஆபத்தை உருவாக்குபவரே அதைச் சமாளிக்கவும் பொறுப்பு என்பது அதன் அடிப்படை. ஊழியருக்குத் தகவலும் பயிற்சியும் மேற்பார்வையும் தருவது முதலாளியின் கடமை என்று 15 ஆவது பிரிவு சொல்கிறது. ஊழியர் அல்லாதவருக்கும் ஆபத்து நேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது 17 ஆவது பிரிவு. சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாத பயிற்சி மாணவனும் ஆகவே சட்டத்தின் பார்வைக்கு வெளியே இல்லை.

2024 ஆம் ஆண்டு ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தங்கள் இதை இன்னும் இறுக்கியிருக்கின்றன. முதலாளியின் கடமை மீறலுக்கான அபராத உச்சவரம்பு 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. ஐந்து பேருக்கு மேற்படாத சிறு கடைகளும் கடமையிலிருந்து விடுபடவில்லை. ஐந்து ஊழியரோ அதற்கு மேலோ இருந்தால் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். சாலையோர லோரிப் பட்டறைகள் பல இந்த ஐந்து என்ற கணக்கில்தான் அடங்கும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பும் ஊழியர், முதலாளியிடம் சொல்லியும் சரிசெய்யப்படாவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகும் உரிமையும் சட்டத்தில் எழுதப்பட்டுவிட்டது.

உரிமை தாளில் இருக்கிறது. பதினெட்டு வயதுப் பையன், மதிப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போடப் போகும் முதலாளியிடம், 'முட்டு இல்லாமல் அடியில் போகமாட்டேன்' என்று சொல்வானா? மரியாதையாக மறுக்கவும் ஒரு பயிற்சி வேண்டும். 'அண்ணே, ஸ்டாண்டு எங்க இருக்கு, நான் எடுத்துட்டு வர்றேன்' என்று கேட்கும் ஒரு வாக்கியம் பல வேளைகளில் சண்டையில்லாமல் காரியத்தைச் சாதித்துவிடும். வகுப்பில் இருவர் இருவராக நிற்கவைத்து, ஒருவன் அவசரப்படுத்தும் ஃபோர்மென், இன்னொருவன் பயிற்சி மாணவன் என்று நடிக்க வைத்தால் அந்த வாக்கியம் வாயில் பழகிவிடும். செய்முறைத் தேர்வில் அதற்கும் ஒரு கட்டம் ஒதுக்கலாம்.

பிள்ளையைத் தொழிற்பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோரும் முதல் நாள் பட்டறை வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட வேண்டியதில்லை. உள்ளே போய் முதலாளிக்கு வணக்கம் சொல்லிவிட்டு, கொஞ்சம் பின்பக்கம் நடந்து பார்க்கலாம். தூக்கி நிற்கும் வண்டிகளுக்குக் கீழே முட்டு இருக்கிறதா? கூரைக்கு அடியில், சிந்தினால் வெளியே ஓடாதபடி சுற்றிலும் சிறு திட்டு எழுப்பிய இடத்தில், தேதி எழுதிய சீட்டோடு பீப்பாய் நிற்கிறதா? அதற்கு அப்பால் ஓடும் கால்வாயின் தண்ணீர் மேல், வெயில் படும்போது வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதக்கிறதா?